அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயில் இல்லாத நோய் தெரிந்த கதை

மூன்று வாரமாக அப்பாவுக்கு வறட்டு இருமல். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். ‘டிஜிட்டல்’ என்று 700 ரூபாய் வாங்கினார்கள். ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் படம் பதியும் பிளேட்டை வைத்து, சக்கரம் வைத்த சின்ன மெஷினை முன்னால் ஒரு மீட்டர் தூரத்துக்குத் தள்ளி வந்து எடுத்தார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கக்கூடச் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டில் இதயம் வீங்கியிருக்கிறது, இரண்டு நுரையீரலின் அடியிலும் வெள்ளைத் திட்டு என்று இருந்தது. உடனே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவும் அங்கேயே, முன்பணம் 1,500 ரூபாய். பயத்தில் கட்டிவிட்டேன். அம்மா அன்று இரவு சாப்பிடவே இல்லை.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த மூத்த ரேடியோகிராபர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தம்பி, இதயத்துக்குப் பின்னாடி முதுகெலும்பு லேசாத் தெரியணும். இதுல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. கேவி பத்தலை” என்றார். ஃபிலிம் ஓரத்தில் 62 கேவி என்று அச்சாகியிருந்தது. அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை.

கேவி என்பது எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம். அது கூடினால் கதிர் உடம்பை நன்றாக ஊடுருவும். குறைந்தால் எலும்பும் தடித்த சதையும் கதிரைத் தடுத்துவிடும். விலா எலும்புகள் பளிச்சென்று வெள்ளையாகி நுரையீரலை மறைக்கும். அப்பா 90 கிலோ. அவருடைய மார்புச் சதையும் கொழுப்பும்தான் அடியில் ‘திட்டாக’ விழுந்திருக்கிறது. முன்பக்கமிருந்து, கிட்டத்தில் எடுத்ததால் இதயத்தின் நிழலும் பெரிதாகிவிட்டது. டிஜிட்டல் என்பதால் கம்ப்யூட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், ஆனால் பிளேட்டுக்கே வந்து சேராத கதிரை அதனால் உண்டாக்க முடியாது. அந்த இடம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

அந்த ரேடியோகிராபரே திரும்ப எடுத்தார். அப்பாவை நிற்கவைத்து, மார்பைப் பிளேட்டோடு ஒட்டி, தோளை முன்னால் தள்ளி, குழாயை 180 செ.மீ. பின்னால் வைத்து, 120 கேவி. கேவி கூடினால் உடம்புக்குள் சிதறும் கதிரும் கூடிப் படத்தை மங்கலாக்கும், அதை வடிகட்ட பிளேட்டுக்கு முன்னால் ‘கிரிட்’ என்கிற ஈயப் பட்டைச் சட்டம் வேண்டும் என்றார். நல்ல மெஷினில் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே போதும், இதயத் துடிப்பால் படம் கலங்காது. இத்தனைக்கும் தோலில் படும் கதிர் குறைவுதான். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்குச் சக்கர மெஷின்தான் வழி. அப்பா நடந்து போனவர்!

புதுப் படத்தில் விலா எலும்புகள் மங்கி, இதயத்துக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்கூடத் தெரிந்தது. நுரையீரல் சுத்தம், இதயம் சரியான அளவு. பிரஷருக்கு அப்பா சாப்பிட்டுவந்த எனலாப்ரில் மாத்திரைதான் இருமலுக்குக் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் அதை மாற்றினார். மூன்றாவது வாரம் இருமல் நின்றது.

தயவுசெய்து ஃபிலிமை வாங்கியதும் அங்கேயே பாருங்கள். இதயத்துக்குப் பின்னால் முதுகெலும்பு தெரிகிறதா, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்ததற்கு அடையாளமாக, பின்பக்க விலா ஒன்பது பத்தாவது எண்ண முடிகிறதா? இல்லையென்றால் சிடிக்கு முன்பணம் கட்டாதீர்கள், வேறு இடத்தில் படத்தைக் காட்டுங்கள். எக்ஸ்ரே மெஷின்களுக்கு அனுமதி தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் லைசென்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் கேட்டபோது அந்த சென்டரில் காட்டவில்லை. அந்த 1,500 ரூபாயும் இன்னும் திரும்பி வரவில்லை.