பேராதனையா, பதுளையா? படிவம் நிரப்புமுன் போய்ப் பாருங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மலையகத்து வீடுகளில், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியைப் பற்றித்தான் பேச்சு. எந்தக் கெம்பஸ் என்பதை ரியூஷன் சேரோ, பக்கத்து லயத்து அண்ணனோ சொல்லிவிடுவார்கள். பிள்ளையும் அப்படியே எழுதிவிடும். அனுமதியை முழுக்க நாம் தீர்மானிக்க முடியாது என்பது உண்மைதான். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தக் கடைசிப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன, கண்டி இல்லை. ஆனால் எதை முதலில் எழுதுவது, எதை அடுத்து எழுதுவது என்ற வரிசை பிள்ளையின் கையில்தான். அதை எழுதுமுன் பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தையும் நேரில் பார்த்துவிடுவது நல்லது.

அழகில் பேராதனைக்குப் போட்டியே இல்லை. ஒரு பக்கம் ஹந்தானை மலை, நடுவே மகாவலி, வீதியோரமெல்லாம் பெருமரங்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்து குடியேறியபோதே இதைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பேராதனைக்குப் போகிறவர்கள் ஏமாறுவதும் சுலபம். செனட் கட்டடத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, எதிரே பூங்காவையும் சுற்றிவிட்டு வீடு திரும்பினால் அது சுற்றுலா. பேராதனை மிகப் பெரிய இடம். ஒரு பீடத்துப் பிள்ளைக்கு மற்றப் பீடம் வேறு ஊர் மாதிரி. பொறியியல் பீடம் ஆற்றுக்கு அக்கரையில், கலைப்பீடம் இக்கரையில். எந்தப் பீடத்துக்கு விண்ணப்பிக்கிறதோ அங்கே போய், விரிவுரை மண்டபத்திலிருந்து விடுதிவரை பிள்ளை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். பெண்பிள்ளை என்றால், நூலகத்திலிருந்து விடுதிக்குப் போகும் பாதையில் இரவில் விளக்கு எரியுமா என்று அங்கே படிக்கும் அக்காமாரிடமே கேட்க வேண்டும். விவசாயப் பீடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் விசாரியுங்கள். அந்தப் படிப்பின் ஒரு பகுதி உலர் வலயத்தில், மஹா இலுப்பள்ளமவில் நடக்கிறது. பேராதனைக் குளிர்ச்சியைப் பார்த்து மயங்கிய பிள்ளை அந்த வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பேராதனையில் எனக்குப் பிடித்தது கலஹா வீதி. பொது வீதிதான், ஆனால் கெம்பஸுக்கு நடுவாகப் போகிறது. கலஹா, தெல்தோட்டை பஸ்களில் தோட்டத்துச் சனம் கூடைகளோடும் பைகளோடும் மாணவர்களுக்கு நடுவே போய்வரும். மேலே குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. கலைப்பீடத்தில் தமிழ் மொழிமூலம் படிக்கலாம், தமிழ்த்துறையும் உண்டு. வீட்டை விட்டு முதன்முதலாக வெளியேறும் பிள்ளைக்கு இதெல்லாம் சின்ன ஆறுதல் இல்லை. அலுவலகக் கருமபீடத்தில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறதா என்பதையும் அன்றைக்கே சோதித்துவிடுங்கள். ஏதாவது ஒரு படிவம் கேட்டுப் பார்த்தால் போதும்.

பதுளைக்கு வருவோம். ஊவா வெல்லஸ்ஸ 2005இல் தொடங்கியது. பதுளை நகரத்தை ஒட்டி, பசறை வீதியில் இருக்கிறது. பேராதனையைப் பார்த்த கண்ணுக்கு இது சின்ன இடம். ஒரு முற்பகலிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் சுபாவமுள்ள பிள்ளைக்கு இதுதான் நல்லது என்பேன். சின்ன இடத்தில் ஒருவர் வகுப்புக்கு வராவிட்டால் சீக்கிரமே தெரிந்துவிடும்.

இங்கே யோசிக்க வேண்டியது மொழியைத்தான். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில். பேராதனையிலும் விஞ்ஞானம், பொறியியல், விவசாயம் எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அங்கே தமிழ் பேசும் சீனியர்கள் பல பீடங்களிலும் நீண்ட காலமாக இருந்து வருகிறார்கள். குறிப்புகள் கைமாறும், சந்தேகம் கேட்கவும் ஆள் கிடைக்கும். பதுளையில் நீங்கள் பார்க்கும் பாடநெறியில் அப்படி எத்தனை பேர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாம் ஆண்டு மாணவரிடம் கேட்டுப் பயனில்லை, அவரே திண்டாடிக்கொண்டிருப்பார். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவரைக் கன்டீனில் பிடித்து, ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

உயிரியல் பிரிவில் படித்துவிட்டு, பேராதனை விவசாயமா பதுளை ஏற்றுமதி விவசாயமா என்று குழம்பும் பிள்ளைகள் நிறைய. இரண்டும் எட்டும் புள்ளி என்றால் நான் பேராதனையைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம், கன்னொருவ ஆராய்ச்சிக் கூடங்கள், பட்டப்பின் படிப்பு நிறுவனம் எல்லாம் பேராதனையைச் சுற்றியே இருக்கின்றன. தேயிலையோடு சேர்ந்த துறைதான் வேண்டும் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு மட்டும் பதுளையை முதலில் எழுதலாம். தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் பக்கத்துப் பசறையிலேயே இருக்கிறது. வீட்டுக்குக் கிட்ட என்ற ஒரே காரணத்துக்காகப் பதுளையை எழுத வேண்டாம். கார்த்திகை மழையில் மண் சரிந்து வீதி மூடினால், பண்டாரவளைப் பிள்ளைக்குக்கூட வீடு தூரம்தான்.

சீனியர்கள் புதியவர்களுக்குச் செய்யும் பகிடிவதையைப் (ராகிங்) பற்றிப் பேசாமல் பேராதனையைப் பற்றிப் பேச முடியாது. 1997இல் அங்கே பொறியியல் படிக்க வந்த வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர் பகிடிவதையால் இறந்தார். அடுத்த ஆண்டே, 1998இல், பகிடிவதையைத் தடை செய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது என்பதற்காக இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இரண்டு இடங்களிலும், பெற்றோர் சற்றுத் தள்ளிப்போன பிறகு, பிள்ளையே தனியாக மாணவர்களிடம் கேட்கட்டும். அப்பா பக்கத்தில் நின்றால் எல்லாரும் "அப்படி ஒன்றும் இல்லை அங்கிள்" என்றுதான் சொல்வார்கள்.

விடுதியைப் பற்றி ஒரே கேள்வி: எத்தனை வருடம் கிடைக்கும்? நடுவில் ஒரு வருடம் வெளியே போர்டிங் எடுக்க நேர்ந்தால், இலவசப் படிப்பு என்று போட்ட கணக்கு மாறிவிடும். அக்கம்பக்கத்தில் அறை வாடகை எவ்வளவு என்று அன்றைக்கே விசாரித்துக்கொண்டு வாருங்கள். போவது வார நாளாக இருக்கட்டும். சனி, ஞாயிறுகளில் மாணவர்கள் பலர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

சரி, ஆசிரியராக வேண்டும் என்பதே பிள்ளையின் எண்ணம் என்றால் இந்த இரண்டோடு பத்தனையையும் சேர்த்துப் பாருங்கள். அங்குள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கற்பித்துப் பழகும் கட்டுறுபயிற்சி. பட்டம் இல்லை, டிப்ளோமாதான். ஆனால் வீட்டில் சீக்கிரம் ஒரு சம்பளம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதுவே பொருத்தம். இதற்கான விண்ணப்பம் பல்கலைக்கழகப் படிவத்தில் இருக்காது. வர்த்தமானியில் தனியாகக் கோருவார்கள், அதன் முடிவுத் திகதியும் வேறு.