நூறு கோடியே ஏழா, 998244353-ஆ?

சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தையில் நாங்கள் மூன்று பேர் கூடி நிரலாக்கப் போட்டிக் கணக்குகள் செய்து பார்ப்போம். விடை மிகப் பெரிதாக வரும் கணக்கென்றால் கடைசியில் ஒரு வரி இருக்கும்: இந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் சொல். அந்த எண் பெரும்பாலும் 1000000007, இல்லையென்றால் 998244353. போன கிழமை ஒருவன் கேட்டான்: "மச்சான், ரெண்டும் முதன்மை எண்தானே, எதைப் போட்டால் என்ன?" (தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள்.)

பாதி சரி. முதன்மை எண் என்பதால் இரண்டிலும் வகுத்தலைப் பெருக்கலாக மாற்றலாம். நூறு கோடியே ஏழில் 2-ஆல் வகுக்க வேண்டுமா, 500000004-ஆல் பெருக்கினால் போதும். 2-ஐயும் 500000004-ஐயும் பெருக்கி நூறு கோடியே ஏழால் வகுத்தால் மீதி 1 வரும். சேர்மானக் கணக்குகள் (பத்துப் பேரில் மூவரை எத்தனை விதமாகத் தெரியலாம் என்பது போன்றவை) எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன. இரண்டு மீதிகளைக் கூட்டினாலும் 32 பிட்டுக்குள் (நிரலில் ஒரு முழு எண்ணுக்கு வழக்கமாக ஒதுக்கும் இடம், 2147483647 வரைதான் தாங்கும்) அடங்கிவிடும். அதுவும் இரண்டுக்கும் பொது.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் எண்ணைப் பார்க்கக்கூடாது, அதிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். 998244352-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். 499122176, 249561088... இப்படி 23 தடவை மீதியில்லாமல் போய், கடைசியில் 119-இல் நிற்கும். 1000000006-ஐ ஒரே தடவைதான் வகுக்கலாம். 500000003 வந்துவிடும், அது ஒற்றை. போதாக்குறைக்கு அதுவே ஒரு முதன்மை எண்.

இதனால் என்ன லாபம்? ஒரு லட்சம் உறுப்புள்ள இரண்டு பல்லுறுப்பிகளை நேராகப் பெருக்கினால் ஆயிரம் கோடி பெருக்கல்கள். பாதி பாதியாகப் பிரித்துச் செய்யும் வேகமான வழிக்கு, ஒன்று குறைந்த எண் பலமுறை இரண்டால் வகுபட வேண்டும். 998244353 அதற்கென்றே பொறுக்கியெடுத்ததுபோல இருக்கிறது. நூறு கோடியே ஏழில் அந்த வழி நேரடியாக நடக்காது. வேறு மூன்று முதன்மை எண்களில் தனித்தனியே செய்து ஒட்டவேண்டும். செய்திருக்கிறேன், தலையிடி. நூறு கோடியே ஏழின் பலம், மனதில் நிற்பதுதான்: ஒன்று, எட்டு சைபர், ஏழு.

2147483647-ஐயும் சிலர் சொல்வார்கள். 1772-இல் கணித மேதை ஒய்லர் முதன்மை எண் என்று நிறுவியது, பெயர் பெற்றதுதான். ஆனால் அதன் ஆகப் பெரிய மீதியை அதோடேயே 32 பிட்டில் கூட்டினால் திரையில் −4 என்று வந்து நிற்கும். எனக்கு வேண்டாம்.

சொற்களை எண்ணாக்கி ஒப்பிடுவதென்றால் இவை எல்லாமே சிறிசு. நூறு கோடியளவில் சுமார் 37,000 சொற்கள் சேர்ந்தாலே, ஏதோ இரண்டுக்கு ஒரே எண் விழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அங்கே 2⁶¹ − 1 தான். அதுவும் முதன்மை எண்.

சரி, எதைப் போடுவது? கணக்கு சொன்னதை. நான் முன்கூட்டியே எழுதிவைத்த நிரலில் 1000000007 இருந்தது. 998244353 கேட்ட ஒரு கணக்கில் அதை மாற்ற மறந்துவிட்டேன். மாதிரி விடைகள் சின்ன எண்கள், எல்லாம் பொருந்தின. அனுப்பினால் பிழை. முக்கால் மணித்தியாலம் தேடினோம். அப்புறம் அந்த வரியில் எண்ணே வைப்பதில்லை. வெறுமையாக விட்டால் நிரல் ஓடாது, பார்த்து எழுதியே ஆகவேண்டும்.