சீனி டப்பாவின் இடத்தில் மூன்று டப்பாக்கள்

கடந்த தை மாதம் மருத்துவர் அறையிலிருந்த எடைக்கருவி 84 கிலோ காட்டியது. என் உயரம் 168 சென்டிமீட்டர். உடல் நிறைக் குறியீடு ஏறத்தாழ 30 என்று வந்தது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்றும் 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் கணக்கிடுகிறார்கள் என்பதால், நான் எல்லையைக் கடந்து வெகு காலம் ஆகியிருந்தது. இரத்தச் சர்க்கரை மட்டும் இன்னும் கட்டுக்குள் இருந்தது. "மாத்திரை எதுவும் வேண்டாம். முதலில் சீனியை நிறுத்துங்கள், நான்கு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர்.

சீனியை நிறுத்துவது என்றால் என் வீட்டில் காப்பியை நிறுத்துவது என்று பொருள். அது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே மருந்துக்கடையிலும் பல்பொருள் அங்காடியிலுமாக மூன்று வகை இனிப்பூட்டிகளை வாங்கினேன்: சுக்ரலோஸ் வில்லை, ஸ்டீவியாத் தூள், எரித்ரிட்டாலுடன் மங்க் ஃப்ரூட் என்ற சீனப் பழத்தின் சாறு கலந்த தூள். நிறுவனப் பெயர்களைத் தவிர்த்து வகைகளை மட்டும் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஒரே நிறுவனம் ஒரே பெயரின் கீழ், டப்பாவின் நிறத்தை மட்டும் மாற்றி, வெவ்வேறு இனிப்பூட்டிகளை விற்கிறது. உள்ளே இருப்பது எது என்பதை முகப்பிலுள்ள பச்சை இலைப் படம் சொல்லாது. பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்தான் சொல்லும். 955 என்றால் சுக்ரலோஸ், 951 என்றால் அஸ்பார்டேம், 960 என்றால் ஸ்டீவியா, 968 என்றால் எரித்ரிட்டால், 965 என்றால் மால்டிட்டால். கடைக்குப் போகும்போது இந்த ஐந்து எண்களைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

வாங்கியவற்றைத் திறப்பதற்கு முன்பு, நான் அதுவரை எவ்வளவு சீனி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று அளந்து பார்த்தேன். புத்தகக் கணக்கில் ஒரு தேக்கரண்டி சீனி என்பது 4 அல்லது 5 கிராம். எங்கள் வீட்டுக் கரண்டியில் நான் வழக்கமாக அள்ளுகிற அளவை, கோபுரம் சரியாமல், சமையலறைத் தராசில் கொட்டியபோது 7 கிராம் இருந்தது. நாளொன்றுக்கு நான்கு டம்ளர், டம்ளருக்கு இரண்டு கரண்டி. ஆக 56 கிராம் சீனி, ஏறத்தாழ 224 கலோரி. நான்கு இட்லிக்குச் சமமான அளவைத் தினமும் மெல்லாமலே விழுங்கியிருக்கிறேன். உணவில் சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நான் காப்பியில் மட்டுமே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் மாலையில் வரும் பிஸ்கட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் சுக்ரலோஸ் வில்லை. மிளகைவிடச் சற்றே பெரிய, தட்டையான வெள்ளை வில்லை. டப்பாவின் மூடியை அழுத்தினால் 'டிக்' என்ற ஓசையுடன் ஒன்று விழுகிறது. சூடான டிகாக்‌ஷனில் போட்டால் பாலை ஊற்றி ஆற்றுவதற்குள் கரைந்துவிடுகிறது. ஆனால் ஆறிய பானத்தில் போட்டால் அடியில் உட்கார்ந்துகொள்கிறது. எலுமிச்சைச் சாற்றில் போட்டு, கடைசி வாயில் முழு இனிப்பையும் ஒருசேர வாங்கிக்கொண்ட பிறகு அந்த முயற்சியைக் கைவிட்டேன். சுக்ரலோஸ் சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பானது. அப்படிப் பார்த்தால் ஒரு தேக்கரண்டிச் சீனிக்கு ஈடாக 8 மில்லிகிராம் போதும். வில்லையின் மீதிப் பகுதி அதைக் கையில் பிடிக்கிற அளவுக்குப் பெரிதாக்கும் நிரப்புப்பொருள்தான்.

இதன் பிறப்புக் கதை எனக்குப் பிடித்தமானது. 1976-இல் லண்டனில் குயின் எலிசபெத் கல்லூரி ஆய்வகத்தில் பணியாற்றிய சஷிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய வேதியியலாளரிடம், சீனியில் குளோரினை ஏற்றித் தயாரித்த ஒரு சேர்மத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 'டெஸ்ட்' என்றது அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழ, அவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார். அவர் காது அன்று சரியாகக் கேட்டிருந்தால் இன்று என் காப்பிக்கு வேறு ஏதோவொன்று வாய்த்திருக்கும்.

சுவையில் குறை சொல்ல அதிகம் இல்லை. சீனியின் இனிப்பு நாக்கில் பட்டவுடன் எழுந்து அடங்குகிறது. இது அரை நொடி தாமதமாக வந்து, குடித்து முடித்த பின்னும் தொண்டையில் சிறிது நேரம் தங்குகிறது. பத்து நாளில் பழகிவிடுகிறது. பழகாதது வேறொன்று. இரண்டு கரண்டிச் சீனி காப்பிக்கு இனிப்போடு ஒரு கனத்தையும் தந்துகொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. அதே பால், அதே டிகாக்‌ஷன், ஆனால் கடைசி டம்ளருக்குத் தண்ணீர் விளாவியதைப் போல இருந்தது. தூளை ஒரு கரண்டி கூட்டி டிகாக்‌ஷனைக் கெட்டியாக இறக்கியதும் அந்தக் குறை பாதிக்கு மேல் தீர்ந்தது. இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும்: ஒரு வில்லை ஒரு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம் என்று டப்பாவில் போட்டிருப்பது தலைதட்டிய கரண்டிக் கணக்கு. என்னைப் போலக் கோபுரம் வைத்து அள்ளிப் பழகியவருக்கு இரண்டு வில்லை போதாது. முதல் மாதம் டம்ளருக்கு மூன்று போட்டேன். நாளைக்குப் பன்னிரண்டு வில்லை என்றாலும் அது நூறு மில்லிகிராம் சுக்ரலோஸ்தான். உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை அன்றாடம் ஏற்கத்தக்கது என்ற சர்வதேச நிபுணர் குழுவின் வரம்புப்படி எனக்கு 1,200 மில்லிகிராமுக்கு மேல் இடம் இருக்கிறது.

அடுப்பில் ஏற்றுவதற்கு இது வேண்டாம். சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது. கொதிக்கும் காப்பி அந்த வெப்பத்தை எட்டாது. கேக்கும் பொரிக்கிற பலகாரமும் எட்டும்.

ஸ்டீவியாவை இரண்டாவதாக எடுத்தேன். பராகுவே நாட்டுச் செடி; நம் ஊர் நாற்றங்கால்களில் சீனித்துளசி என்று தொட்டியில் விற்கிறார்கள். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் இதன் சாற்றை அனுமதித்தது. செடியிலிருந்து வந்தது என்பதால் எங்கள் அம்மாவின் ஆதரவு முழுக்க இதற்குத்தான் இருந்தது, முதல் வாய் குடிக்கும் வரைக்கும். "இதென்னப்பா, அதிமதுரக் கஷாயம் மாதிரி இருக்கு" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதைவிடத் துல்லியமாக என்னால் சொல்ல முடியாது. இனிப்பு முடிகிற இடத்தில் ஒரு வேர்க் கசப்பு எழுகிறது. சிக்கரி கலந்த டிகாக்‌ஷனின் கசப்பு அதோடு சேர்ந்துகொண்டால் காப்பி மருந்தாகிவிடுகிறது. ஆனால் இதே தூள் எலுமிச்சைச் சாற்றிலும், இஞ்சி தட்டிப் போட்ட பாலில்லாத தேநீரிலும் நன்றாக ஒத்துப்போனது. புளிப்பும் காரமும் அந்தக் கசப்பை மறைத்துவிடுகின்றன. கோடைக்கு இதை வைத்துக்கொள்ளலாம். காப்பிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தூள் வடிவில் வாங்குவோர் நிரப்புப்பொருள் என்ன என்று பார்ப்பது நல்லது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது மாவுச்சத்துதான்; எடைக்கு எடை சீனி அளவுக்கே கலோரி உள்ளது. சிட்டிகை அளவில் போடும்போது பொருட்டில்லை, கரண்டி கரண்டியாகப் போட்டால் பொருட்டு உண்டு.

மூன்றிலும் விலை கூடியது எரித்ரிட்டால் கலவை. முகப்பில் மங்க் ஃப்ரூட் படம் பெரிதாக இருந்தாலும் எடையில் பெரும்பகுதி எரித்ரிட்டால்தான். பார்க்கவும் கொட்டவும் சீனியைப் போலவே இருக்கிறது. கிராமுக்கு 4 கலோரிக்குப் பதில் 0.2 கலோரி. ஆகவே இதில் பாயசம் வைத்துப் பார்க்கலாம் என்று துணிந்தோம். பாசிப்பருப்புப் பாயசம் அடுப்பிலிருந்து இறங்கியபோது குறையே இல்லை. மறுநாள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது பாயசத்துக்குள் மணல் மணலாகப் படிகம் கட்டியிருந்தது; வாயில் போட்டதும் பெப்பர்மின்ட் சாப்பிட்டதுபோல நாக்கில் ஒரு குளிர்ச்சி தட்டியது. எரித்ரிட்டால் படிகம் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் வருகிற குளிர்ச்சி அது. அதிரசத்துக்குப் பாகு வைக்க முயன்றது இன்னும் மோசம். கம்பிப் பதம் வரும் வரும் என்று என் மனைவி அரை மணி நேரம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பதமும் வரவில்லை, நிறமும் மாறவில்லை, ஆறியதும் பாத்திரத்தின் விளிம்பில் உப்புப் பூத்ததுபோல வெள்ளையாக இறுகிக்கொண்டது. சீனியைப் போல இது பாகாகவும் கருகவும் செய்யாது என்பதை டப்பாவில் எழுதியிருந்தால் அரைப் படி மாவு மிஞ்சியிருக்கும்.

2023-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், இரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பும் கூடுதலாகக் காணப்பட்டது என்று வெளியிட்டார்கள். உடலே சிறிதளவு எரித்ரிட்டாலை உண்டாக்கும் என்பதால், அது காரணமா வெறும் அறிகுறியா என்பதை அந்தத் தொடர்பை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஆனாலும் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கும் அப்பாவுக்கு இதை நாங்கள் கொடுக்கவில்லை.

இடையில் ஒரு திருமணத்துக்காக ஊருக்குப் போனபோது, ஒரு கடையில் 'சுகர் ஃப்ரீ' முந்திரி கத்லி கால் கிலோ வாங்கினேன். சீனிதான் இல்லையே என்று பேருந்திலேயே ஆறு துண்டு சாப்பிட்டேன். அன்றிரவு வயிறு செய்த அமளியில்தான் பெட்டியின் அடியைத் திருப்பிப் பார்த்தேன்: 965. மால்டிட்டால் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்து, நீரையும் இழுக்கும்; கலோரியும் சீனியில் பாதிக்கு மேல் உண்டு. முந்திரியும் நெய்யும் தருகிற கலோரி யாரும் குறைக்காமல் அப்படியே இருக்கிறது. எடை குறைக்க நினைப்பவர் இதை வாங்குவதைவிட, உண்மையான கத்லி ஒரே ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பற்றி என்னிடம் கேட்காதவர்களே இல்லை. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு நான் அடிமை; சுக்குக் காப்பிக்கு அதைத் தவிர வேறொன்றையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி. எடைக் கணக்கில் அது சீனியின் மாற்று அல்ல, சீனியேதான்.

இனி எடைக்கு வருகிறேன். முதல் மாதம் சாப்பாட்டில் வேறெதையும் மாற்றாமல் காப்பிச் சீனியை மட்டும் வில்லைக்கு மாற்றினேன். 900 கிராம் குறைந்தது. நாளுக்கு 224 கலோரி மிச்சம் என்ற கணக்கோடு அது பொருந்துகிறது என்றாலும், உடம்பில் நீர் ஏறி இறங்குவதிலேயே ஒரு கிலோ முன்பின் ஆகும் என்பதால் அந்த எண்ணை நான் பெரிதாகக் கொண்டாடவில்லை. அடுத்த மூன்று மாதங்களில் மாலையில் நாற்பது நிமிட நடையும், இரவில் இரண்டு தோசையோடு எழுவதும் சேர்ந்த பிறகே எடை 79.4-க்கு வந்தது. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய என் காப்பிக் கதையேதான்: சர்க்கரை நோயுள்ள 179 பேரில் ஒரு பிரிவினர் காப்பி, தேநீரில் சீனிக்குப் பதில் 12 வாரம் சுக்ரலோஸ் சேர்த்துக்கொண்டார்கள். எடையும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன, ஆனால் சிறிதளவே. மூன்று மாதச் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனமோ, எடையைக் கட்டுப்படுத்துவதற்காக சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்றவற்றை நம்ப வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. குறுகிய காலச் சோதனைகளில் தெரிந்த சிறு பயன் நீண்ட காலத்தில் தென்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

இதைப் படித்த பிறகுதான் வில்லைகளையும் குறைக்கத் தொடங்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நாள்கணக்கில் ஒன்றோ இரண்டோ என்று குறைத்தபோது நாக்கு முணுமுணுத்ததே தவிர, மறுக்கவில்லை. கிட்டத்தட்ட மூன்றாம் மாத இறுதியில், அலுவலகத்தில் பழைய வழக்கப்படி போட்டுக் கொடுத்த காப்பியை ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தேன்.

எரித்ரிட்டால் பொட்டலத்தை இனி வாங்கப்போவதில்லை; மீதியை அம்மா பழச்சாற்றில் தீர்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்டீவியா கோடை முடிகிற வரை அலமாரியில் இருக்கும். சுக்ரலோஸ் வில்லையைத்தான் மறுபடி வாங்கினேன். 300 வில்லை கொண்ட முதல் டப்பா இருபத்தைந்து நாளில் காலியாயிற்று. இப்போதைய டப்பாவை வைகாசியில் திறந்தபோது நாள்கணக்கு மூன்றுக்கு வந்திருந்தது, இந்த வேகத்தில் அது ஆவணி வரைக்கும் வரும்.