சனிக்கிழமை சந்தை, மாலையில் கல்யாணம்: ஒரே கூடத்தில் சில வருடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகரில் எங்கள் குடியிருப்புச் சந்தைக் கூடத்தில் சனிக்கிழமை காலை மசாலாவும் ஊறுகாயும் விற்கிறோம். அன்று மாலை அதே கூடத்தில் கல்யாண வரவேற்பு நடக்கும். ஞாயிறு காலை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. கூடத்தின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் நல்லது. கூரை நல்ல உயரம், உச்சியில் சூடான காற்று வெளியேற வழி விட்டிருக்கிறார்கள். ஜனவரிக் கோடைப் புழுக்கத்திலும் உள்ளே நிற்க முடிகிறது. நடுநடுவே வெளிச்சம் விடும் தகடு போட்டிருப்பதால், மின்வெட்டு மோசமாக இருந்த நாட்களில்கூடப் பகல் வியாபாரம் நின்றதில்லை. பக்கவாசல் வழியாக பக்கி என்று நாங்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி பின்னோக்கியே உள்ளே வந்து மூட்டை இறக்கலாம். அந்த உயரத்தால் இன்னொரு லாபம்: தைப்பூசத்தன்று காவடி எடுத்தவர்கள் குனியாமல் உள்ளே வந்து இளைப்பாறுகிறார்கள்.

சிக்கல் எல்லாம் மதியம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில். கூடத்தை வடிவமைத்தவர்கள் சந்தையையும் வரைந்தார்கள், மண்டபத்தையும் வரைந்தார்கள். ஒன்றை மற்றதாக மாற்றுகிற அந்த மூன்று மணி நேரத்தை வரையவே இல்லை. மீன் விற்கும் இடம் ஒரு மூலை, தண்ணீர்க் குழாய் எதிர் மூலை. ரப்பர் குழாயைக் கூடத்தின் குறுக்கே இழுத்துக் கழுவுவதற்குள் அலங்காரக்காரர் பூவோடு வந்து நிற்பார். தரை வாட்டம் குறை சொல்ல முடியாதது, தண்ணீர் நடுக்கால்வாய்க்கு ஓடிவிடும். ஆனால் அதே வாட்டத்தில்தான் சாயங்காலம் நாற்காலிகள் ஆடுகின்றன. கால்வாயைச் சுவரோரம் வைத்து, மீன் கடையையும் அங்கேயே கொண்டுபோயிருந்தால் முக்கால் தொல்லை தீர்ந்திருக்கும். இப்போதைக்கு மீன் வாடைக்குச் சாம்பிராணிதான் கைகொடுக்கிறது!

மேசைக் கதை தனி. நின்று விற்க வசதியாக இடுப்பு உயரத்தில் செய்தார்கள். அதே மேசையில்தான் பந்தி. வாழையிலை பெரியவர்களுக்கு நெஞ்சு உயரத்தில், சின்னப் பிள்ளைகளுக்குத் தாடையில் இடிக்கும். என் மாமியார் ரசம் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார், முழங்கை வழியாக வழிகிறதாம். கால்களை இரண்டு உயரத்தில் பூட்டுகிற மாதிரி செய்ய எவ்வளவு கூடியிருக்கும்?

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வெகு தூரம் போக வேண்டாம். 1990களில் டர்பன் நகர மையத்தின் பெரிய சந்தைப் பகுதியான வார்விக் சந்திப்பைச் சீரமைத்தபோது வியாபாரிகளிடம் உட்கார்ந்து பேசினார்கள். மாட்டுத்தலை வேகவைத்து விற்பவர்களுக்கு அவர்கள் வேலைக்கு ஏற்ற வசதியே தனியாக வந்தது. அங்கே புரூக் ஸ்ட்ரீட் சந்தையின் கூரையும் ஒரு பாடம். பாதுஷா பீர் தர்கா பக்கத்தில் இருப்பதால் விழாக் கூட்டத்தையும் கணக்கில் வைத்து அமைத்தது. மற்ற நாட்களில் வியாபாரம். ராத்திரி சரக்கைத் தள்ளுவண்டிக்காரர்கள் கிடங்குக்குக் கொண்டுபோகிறார்கள், காலையில் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அதனால்தான் இடம் காலியாகிறது.

எங்களுக்குக் கிடங்கு மேடைக்கு அடியில். யோசனை நல்லதுதான், ஆழமான பெட்டிகள், பூட்டும் உண்டு. கதவுகளை மட்டும் மேடையின் முன்பக்கம் வைத்துவிட்டார்கள். மேலே பரதநாட்டியம் நடக்கும்போது மிளகாய்த்தூள் மூட்டையை எடுக்க யார் குனிவது? மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு விற்கும் ஜூலு அம்மா இதனாலேயே பெட்டி வாடகை கட்டுவதை நிறுத்திவிட்டார். மீந்த கிழங்கை மகனின் பக்கியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்.

தமிழ் வகுப்புக்கு இந்த இடம் சுமார்தான். தகரக் கூரையில் மழை பிடித்தால் பாடம் நிற்கும், வாய்ப்பாடு மாதிரி எல்லோரும் சேர்ந்து கத்திப் படிக்கலாம், அவ்வளவே. சின்ன அறை ஒன்றைத் தடுத்துக் கொடுத்தால் போதும்.

கூடக் குழுவிடம் நான் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது கழிப்பறைக்கு வெளிப்பக்கம் இன்னொரு கதவு. வரவேற்பு தொடங்கியதும் உள்கதவு கல்யாண வீட்டார் வசம் போய்விடுகிறது, வெளியே சாமான் கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் பெட்ரோல் பங்க் வரை நடக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் விலைப்புள்ளி வைக்கிறோம் என்றிருக்கிறார்கள்.