ஆர்.எஃப். ஸ்கின் டைட்டனிங்குக்குப் பிறகு: ஒரு வருடம் தாண்டிய அனுபவம்

தாடைக்குக் கீழே தளர ஆரம்பித்த தோலுக்காக மோனோபோலார் வகை ரேடியோ ஃப்ரீக்வென்சி (ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அலையால் தோலைச் சூடாக்கி இறுக்கும்) சிகிச்சை எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் தோலை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இதில் காயம் கிடையாது. மேல்தோலைக் குளிர்வித்துக்கொண்டே அடியில் இருக்கும் கொலாஜனைத்தான், அதாவது தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதத்தைத்தான், சூடாக்குகிறார்கள். அதனால் காயத்துக்குப் போடும் ஆயின்மென்ட் எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் பில் போடும் இடத்தில் சீரம், மாஸ்க், ஸ்ப்ரே என்று ஒரு கிட்டை நீட்டினார்கள். டாக்டரிடமே கேட்டேன். வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும் என்றார். கிட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் முகம் சிவந்து கதகதவென்று இருந்தது. தாடையோரம் லேசான வீக்கம். மறுநாளே சிவப்பு போய்விட்டது, தொட்டால் வலிப்பது மட்டும் கொஞ்ச நாள் நீடித்தது. கொப்புளம் வந்தாலோ, தோலில் குழி விழுந்த மாதிரி தெரிந்தாலோ க்ரீம் தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். அபூர்வம்தான், ஆனால் நடக்கக்கூடியது.

முதல் வாரம் முகத்துக்கு மேலும் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கொடுத்த தாளில் தவிர்க்க வேண்டியவையாக சானா (வெப்பக் குளியல் அறை), ஹாட் யோகா எல்லாம் இருந்தது. நம் வீட்டில் சானாவுக்கு எங்கே போவது? இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது அடிக்கும் ஆவியை யாரும் எழுதவில்லை! அந்த வாரம் அடுப்படி வேலையைக் கணவர் பார்த்துக்கொண்டார். எண்ணெய்க் குளியலும் பார்லர் ஃபேஷியலும் தள்ளிப்போயின. சுருக்கத்துக்குப் போடும் ரெட்டினாலையும் தோலின் மேல்படலத்தை உரிக்கும் கிளைகோலிக் ஆசிடையும் நிறுத்தி வைத்தேன். மாமியார் அன்போடு கடலை மாவும் மஞ்சளும் குழைத்துக் கொண்டுவந்தார். தேய்க்கக் கூடாது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சன்ஸ்க்ரீன்தான் பெரிய வேலை. ரேடியோ அலை தோலின் நிறமியைக் குறிவைப்பதில்லை, அந்த வகையில் நம் நிறத்துக்குப் பல லேசர்களைவிடப் பாதுகாப்பானது. ஆனால் எனக்குக் கன்னத்தில் ஏற்கெனவே மங்கு உண்டு. வெயிலும் சூடும் அதைக் கிளப்பிவிடும். அதனால் அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் உள்ள எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்க்ரீனுக்கு மாறினேன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். சாதாரண சன்ஸ்க்ரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. நிறம் உள்ளது தடுக்க உதவும், வெள்ளை பூசின மாதிரியும் தெரிவதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் என்றால் ஒரு ட்யூப் சீக்கிரமே காலியாகிறது. சென்னை வியர்வையில் மதியம் மறுபடி போடுவது எரிச்சலான வேலை. பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போட்டால் திட்டுத்திட்டாக நிற்காது.

புதுக் கொலாஜன் உருவாக 2 முதல் 6 மாதம் பிடிக்கும். நடுவில் பணம் போச்சே என்று தோன்றியது உண்மை. ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோக்களை ஒப்பிட்டபோதுதான் தாடை ஓரம் சற்று இறுகியது தெரிந்தது. கழுத்து மடிப்பில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மங்கு கூடவில்லை, எனக்கு அதில்தான் அதிக திருப்தி. மறுபடி எடுத்தால் தாடைக்கு மட்டும் எடுப்பேன், அதுவும் விலை கொஞ்சம் இறங்கினால்.