முட்டையா, உருளைக்கிழங்கா, ரியோ இலையா?

பிளஸ் ஒன் வகுப்பில் சவ்வூடு பரவலை, அதாவது சவ்வின் வழியே தண்ணீர் அடர்த்தி மிகுந்த கரைசலின் பக்கம் நகர்வதை, காட்ட மூன்று வழிகளையும் செய்து பார்த்தாயிற்று. இப்போது ரியோ இலையோடு நின்றுவிட்டேன்.

முட்டை பார்க்க அழகு. இரண்டு நாள் வினிகரில் ஊறினால் ஓடு கரைந்துவிடும். பிறகு தண்ணீரில் போட்டால் உப்பும்; சர்க்கரைப் பாகில் போட்டால் தொளதொளவென்று சுருங்கும். கடைசி பெஞ்சுக்கும் தெரியும். ஒருமுறை கை தவறி மேசையில் உடைந்தது. அந்த வாரம் ஆய்வகத்துக்குள் நிற்க முடியவில்லை. வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே நாம் காட்டுவது செல் சவ்வே அல்ல, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் புரத நார்த் தோல். செல் சவ்வின் பாஸ்போலிப்பிட் ஈரடுக்கை, அதாவது கொழுப்பு மூலக்கூறுகளின் இரண்டு அடுக்கை, கரும்பலகையில் வரைந்துவிட்டு இதைக் காட்டியபோது, "சார், இதில் கொழுப்பு எங்கே?" என்று ஒருவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்ணீரில் நிற்கும் கிழங்கைக் குடைந்த குழியில் சர்க்கரைக் கரைசல், மட்டத்தைக் குறிக்க ஒரு குண்டூசி. செலவில்லை. மட்டம் ஏறுவது தெரியும். தனியொரு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

ரியோ செடி எங்கள் பள்ளி வாசலிலேயே தொட்டியில் நிற்கிறது. இலையை மடித்து ஒடித்து இழுத்தால் அடிப்பக்கத்து ஊதாத் தோல் மெல்லிசாக உரிந்து வரும். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் ஒரு சொட்டு விட வேண்டும். சில நிமிடங்களில் ஊதா நிறம் செல் சுவரைவிட்டு விலகி நடுவில் ஒடுங்கும். சுவர் அசையாது. கவர் ஸ்லிப்பின் (மேலே மூடும் மெல்லிய கண்ணாடி) ஒரு விளிம்பில் மையொற்றுத் தாளை வைத்து, மறு விளிம்பில் தண்ணீர் விட்டால் நிறம் மறுபடி விரிந்து சுவரைத் தொடும்.

விரிவதும் சுருங்குவதும் முட்டையிலும் உண்டே என்பீர்கள். வித்தியாசம் உயிரில் இருக்கிறது. அதே தோலைக் கொதிநீரில் முக்கி எடுத்துவிட்டுச் செய்தால் ஊதா வெளியே கசிந்துவிடும். எந்தக் கரைசலை விட்டாலும் சுருக்கம் வராது. எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற தேர்வு சவ்வு சிதையாதவரைக்கும்தான். இந்த ஒன்றுக்காகவே மற்ற இரண்டையும் விட்டேன். முட்டைத் தோலுக்கு அந்தக் கவலையே கிடையாது.

ஒன்றை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது: ஊதாவாகத் தெரிவது சவ்வு அல்ல, வாக்குவோலில் (செல்லுக்குள் இருக்கும் சாற்றுப் பை) இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி. ஏழெட்டு நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வு பள்ளி நுண்ணோக்கிக்கு அகப்படாது.

சர்க்கரைக்குப் பதிலாகக் கிளிசரால் விட்டால், சுருங்கிய செல் தண்ணீர் விடாமலே மெல்ல விரியும். கிளிசரால் கொஞ்சங்கொஞ்சமாகச் சவ்வைக் கடந்துவிடுவதால் தண்ணீரும் பின்னாலேயே உள்ளே போகும். இதை இரண்டு முறைதான் செய்திருக்கிறேன். ஒருமுறை அதற்குள் மணி அடித்துவிட்டது.

குறை ஒன்று உண்டு. நாற்பது பேருக்கு நுண்ணோக்கி மூன்றுதான். வரிசையில் நிற்பவர்களுக்காக ஓரத்தில் ஓர் உருளைக்கிழங்கைக் குடைந்து வைத்திருக்கிறேன்.