கடலோரக் கொல்லையில் ஸ்வீட் கார்ன்: நேரடியாக ஊன்றலாமா, நாற்று விடலாமா, முளைகட்டி வைக்கலாமா?

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், ஏர்வாடி, சாயல்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் ஸ்வீட் கார்னை எந்த முறையில் விதைப்பது என்பதைக் கிணற்றுத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் மண் குளிர்ந்து கிடப்பதால் வீட்டுக்குள் நாற்று விடுகிறார்கள். நமக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. உவர்த் தண்ணீர், சுடுமணல், மயில் இந்த மூன்றும்தான் முதல் 12 நாளில் பயிரைக் காலி செய்பவை. மூன்று முறைகளையும் இவற்றை வைத்தே எடைபோட வேண்டும்.

விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். சாதா மக்காச்சோள மணி திரண்டு, கண்ணாடிபோல் மினுங்கும். ஸ்வீட் கார்னில் மிகை இனிப்பு (சூப்பர் ஸ்வீட்) ரகத்தின் விதை உலர்ந்த திராட்சைபோல் சுருங்கி, குழிவிழுந்து, விரலுக்கு எடையே தெரியாமல் இருக்கும். சாதா மக்காச்சோளத்தில் 100 விதை 25 முதல் 30 கிராம் வரும். இதில் 12 முதல் 15 கிராம்தான். சர்க்கரை தங்குவதற்காக மாவுச்சத்து குறைந்துபோன விதை இது. மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரக் கையில் இருக்கும் கட்டுச்சோறு கொஞ்சம்தான். 5 செ.மீ. ஆழத்தில் போட்டாலோ, உப்பு நீரில் உறிஞ்சத் திணறினாலோ, வழியிலேயே தீர்ந்துவிடும். கடற்காற்றின் ஈரத்தில் முளைப்புத்திறனும் சீக்கிரம் இறங்கும். பிரித்த பாக்கெட்டை இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். சுகர் 75 போன்ற வீரிய ஒட்டு ரகங்களில் விளைந்த கதிரிலிருந்து விதை எடுத்து மறுமுறை போட்டால் ஒரே மாதிரிச் செடிகள் வராது, அதனால் ஒவ்வொரு முறையும் பாக்கெட்தான்.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு சின்னப் பாத்தியைக் கணக்கில் கொள்வோம்: 4 வரிசை, வரிசைக்கு 6 செடி, மொத்தம் 24. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. இடம் 2.4 மீட்டருக்கு 1.5 மீட்டர் போதும். காற்றில் மகரந்தம் பரவும் பயிர் என்பதால் வேலியோரமாக ஒரே நீள வரிசை போடவே கூடாது, கதிர் பொக்கையாகும். கட்டமாகத்தான் போட வேண்டும்.

நேரடியாக ஊன்றுதல்

கிணற்று நீர் நல்ல நீர் என்றால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. வேர் ஒருமுறைகூட அசைக்கப்படாமல் நேரே கீழே இறங்கும். காற்றுக்குச் சாயாமல் நிற்கும்.

மணல் தரை என்பதால் குழிக்குக் குழி தயார் செய்வது சிக்கனம். ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம். அதில் இரண்டு கை மக்கிய தொழுவுரமும், ஒரு கை கண்மாய்க் கரம்பையும் (வண்டல் மண்) கலந்து மூடுங்கள். அடுப்புச் சாம்பல் வேண்டாம். அதிலும் உப்பு உண்டு, ஏற்கெனவே உள்ள உப்போடு சேரும். முந்தின நாள் மாலை நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் காலையில் குழிக்கு 2 விதை, 3 செ.மீ. ஆழம். வெறும் மணலாக இருந்தால் 4 செ.மீ. வரை போகலாம், ஏனென்றால் மேல்மணல் மதியத்துக்குள் காய்ந்துவிடும். இளஞ்சிவப்பு மருந்து பூசிய விதையைக் கையுறையோடு எடுங்கள். மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதல் 5 நாள் பூவாளியில் காலையும் மாலையும் தண்ணீர். மேலே தென்னங்கீற்றோ பனை ஓலையோ பரப்பினால் சூடு தணியும். 4 முதல் 7 நாளுக்குள் வெள்ளை ஊசிபோல் முளை தலைகாட்டும். அன்று காலையிலேயே ஓலையை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து, வளைந்து, ஓலைக்கு அடியில் நீளும்.

அந்த ஊசி விரிந்து முதல் இலை வந்ததும் மயிலும் கோழியும் வரும். இலையைப் பிடித்து இழுத்தால் அடியிலுள்ள விதையும் சேர்ந்து வரும் என்பது அவற்றுக்கு நன்றாகத் தெரியும். பழைய மீன்வலை நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். முழங்கால் உயரக் குச்சி நட்டு, வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, மூன்று வாரம் விட்டுவைத்தால் போதும். தொய்வாக விட்டால் ஓணானும் பாம்பும் சிக்கிச் சாகும்.

இரண்டும் முளைத்த குழியில் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

இதில் உள்ள பெரிய குறை தண்ணீர்ச் செலவு. இந்தச் சின்னப் பாத்திக்கே ஒரு நாளைக்கு 20 லிட்டர் வேண்டும். 12 நாளைக்கு 240 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 16 குடம். காவிரிக் கூட்டுக் குடிநீரை அவ்வளவு எடுத்துச் செடிக்கு ஊற்ற எந்த வீட்டிலும் மனசு வராது, வரவும் கூடாது. ஆக, நேரடி விதைப்பு என்றாலே கிணற்று நீர்தான்.

அந்த நீர் எவ்வளவு உவர் என்று பார்க்காமல் இறங்க வேண்டாம். நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.1 டெசிசைமன்ஸுக்குள் இருந்தால் மக்காச்சோள விளைச்சல் குறையாது. 4-ஐ நெருங்கினால் பாதி போய்விடும். பாசனவியலில் பொதுவாக வைக்கும் கணக்கு இது. மண் பரிசோதனை நிலையத்தில் நீரையும் சோதித்துச் சொல்வார்கள். ‘பருப்பு வேகுதா’ என்று பார்க்கும் பழக்கம் நீரின் கடினத்தன்மையைத்தான் காட்டும். உப்பு முழுவதையும் அது சொல்லாது.

கோடையில் பார் (மண்ணை நீளமாகக் குவித்த கரை) கட்டி அதன் உச்சியில் ஊன்றுவதும் இங்கே தப்பு. வாய்க்கால் நீர் பாரில் ஏறி ஆவியாகும்போது உப்பு உச்சியில்தான் படியும், வெள்ளைப் பூத்தாற்போல். பாரின் இடுப்பில் ஊன்றுங்கள், அல்லது குழிப்பாத்தியில் மேலிருந்து ஊற்றி உப்பைக் கீழே தள்ளுங்கள். மேட்டுப்பாத்தி ஐப்பசி, கார்த்திகைக்குத்தான்.

நாற்று விட்டு நடுதல்

மக்காச்சோளத்தை நாற்று விடவே கூடாது என்பார்கள். வேரைக் குலைத்தால் தேறாது என்பது உண்மைதான். ஆனால் உவர் நீர் உள்ள கொல்லைக்கு இதுதான் வழி. காரணம் எளிய கணக்கு: 30 கூடுகளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் நல்ல தண்ணீர் போதும். 12 நாளைக்கு 36 லிட்டர், இரண்டரைக் குடம். பயிரின் மிக மென்மையான நாட்களை நல்ல தண்ணீரில் கடத்திவிடலாம்.

குழித்தட்டா, காகிதக் கூடா என்றால் காகிதக் கூடுதான். 98 குழித் தட்டில் வேர் ஒரே வாரத்தில் அடியைத் தொட்டுச் சுழலும். 50 குழித் தட்டு தேவலை. செய்தித்தாளை டம்ளரைச் சுற்றி உருட்டி, 6 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் கூடு செய்தால் வேருக்கு இடம் தாராளம், நடும்போது மண் உதிராது. பனை ஓலைக் கொட்டானும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஓலை சீக்கிரம் மக்காது. அடிப்பாகத்தை வெட்டிவிட்டுத்தான் புதைக்க வேண்டும்.

நிரப்ப, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும். நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிவதை மூன்று முறை செய்யாவிட்டால், கிணற்று உப்புக்குப் பயந்து நாற்று விட்டவருக்கு அதே உப்பு கூட்டுக்குள் காத்திருக்கும். 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் 8 லிட்டர்வரை பொங்கும். 30 கூட்டுக்கு அதிகமே. கடற்கரை மணலை ஒரு கைப்பிடிகூடச் சேர்க்கக் கூடாது.

கூட்டுக்கு ஒரு விதை, 2 செ.மீ. ஆழம். காலை வெயில் படும் இடத்தில், வலைக்கு அடியில் வையுங்கள். முழு நிழலில் வைத்தால் நாற்று நெட்டையாகிச் சாயும்.

நடவு 10 முதல் 12-ஆம் நாள், இரண்டு இலை விரிந்த நிலையில். இந்தத் தேதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 20 நாள் கூட்டில் கிடந்த செடி இடுப்பளவில் ஆண்பூ வைத்து, விரல் தடிமனில் கதிர் விடும். எவ்வளவு உரம் போட்டாலும் மீளாது.

மாலை நாலரைக்கு மேல், குழியை முதலில் நனைத்து, கூட்டின் அடியைக் கிழித்து அப்படியே இறக்குங்கள். காகித விளிம்பு மண்ணுக்கு மேலே தெரிந்தால் அது திரிபோல் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும், முழுவதும் மூடுங்கள். முதல் 3 நாள் செடிக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர், அடுத்த 3 நாள் பாதிக்குப் பாதி, அப்புறம் கிணற்று நீர்.

இலை நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் காய்ந்தால் உப்பு தாக்குகிறது என்று பொருள். கிணறு மிக மோசம் என்றால் நாற்று முறையும் கைகொடுக்காது. அது உப்பைத் தள்ளிப்போடுமே தவிர விலக்காது.

முளைகட்டி ஊன்றுதல்

பயறு முளைகட்டுவதுபோலச் செய்யலாம் என்று தோன்றும். பயறு தாங்கும், இந்த விதை தாங்காது. ராத்திரி முழுக்க ஊறினால் மெல்லிய தோல் வெடித்து, சர்க்கரை கசிந்து, புளித்த வாடை வரும். 6 மணி நேரம் போதும். பிறகு ஈரத்துணியில் சுருட்டி ஒன்றரை நாள். வேர் 2 மி.மீ. எட்டிப் பார்த்ததும் ஊன்ற வேண்டும். நீண்டுவிட்டால் விரல் பட்டாலே ஒடியும். காய்ந்த மணலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கருகும். மருந்து பூசிய விதையை ஊறவைத்தால் மருந்து கழுவிப் போய்விடும்.

முழுப் பாத்திக்கு இந்த முறை வேண்டாம். பழைய பாக்கெட் தேறுமா என்று பார்க்க மட்டும் 10 விதையைத் துணியில் கட்டுங்கள். 5 நாளில் 8 முளைத்தால் குழிக்கு இரண்டு போதும். 5-தான் என்றால் புதுப் பாக்கெட் வாங்குங்கள்.

எதை எப்போது

மார்கழிக் கடைசியிலிருந்து தை வரை விதைத்தால் மழை முடிந்து கிணறு இனித்திருக்கும். பங்குனிக் கடைசி, சித்திரை முதலில் கதிர் ஒடிக்கலாம். அந்த நாட்களில் பெரும்பாலான கொல்லைகளுக்கு நேரடி ஊன்றலே சரி. மாசிக்கு மேல், அல்லது நீர் 2 டெசிசைமன்ஸைத் தாண்டும் இடத்தில், காகிதக் கூடு. ஆனி, ஆடிக் காற்றில் எந்த முறையானாலும் பயிர் சாயும், இலை கிழியும். அப்போது விதைக்காமல் இருப்பதே நல்லது.

நேரடியாக ஊன்றுபவர்களும் அன்றைக்கே 6 காகிதக் கூட்டில் விதை போட்டு வையுங்கள். முளைக்காத குழியில் பத்து நாள் கழித்து மறுவிதை போட்டால், மற்ற செடிகளின் மகரந்தம் உதிர்ந்து முடிந்த பிறகுதான் அதன் கதிரில் பட்டு இழை வரும், மணி பிடிக்காது. அதே வயது நாற்று கையில் இருந்தால் 10-ஆம் நாள் மாலை அந்தக் குழியில் இறக்கிவிடலாம்.